வளர்ச்சி ஹார்மோன் ரத்தப் பரிசோதனை: மெஷினுக்குப் போகும் முன்பே ரிசல்ட் கெடுவது எங்கே?

காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தில் வளர்ச்சி ஹார்மோன் (ஜி.எச்.) மில்லி லிட்டருக்கு 0.2 நானோகிராம் என்று வந்தால், அதை வைத்து அந்தப் பிள்ளைக்குக் குறைபாடு என்று சொல்ல முடியாது. நன்றாக வளரும் பிள்ளைக்கும் அதே நேரத்தில் அதே 0.2 வரும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி இந்த ஹார்மோனை அலை அலையாக விடுகிறது. பெரிய அலைகள் ஆழ்ந்த தூக்கத்தில் வருகின்றன. ரத்தத்துக்குள் வந்த ஹார்மோன் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறைந்துவிடும். அதனால் பகலில் பெரும்பாலான நேரம் அளவு தரை மட்டத்தில்தான் இருக்கும். இது தெரிந்தும் 'ஜி.எச். ஒன்று' என்று மட்டும் எழுதிய சீட்டுகள் லேபுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அப்படி ஒரு சீட்டு வந்தால், ஊசி எடுக்கும் முன் டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு: பிறந்து ஒரு வாரத்துக்குள் உள்ள குழந்தை. அந்த வயதில் ஜி.எச். இயல்பாகவே உயர்ந்து நிற்கும். சர்க்கரை இறங்கிக் கிடக்கும் நேரத்திலும் 5 நானோகிராமுக்குக் கீழே இருந்து, பிட்யூட்டரியின் வேறு ஹார்மோன்களும் குறைவாக இருந்தால், அந்த ஒரே எண் பெரிய சாட்சி. ஆகவே சர்க்கரை இறங்கிய பச்சிளம் குழந்தைக்கு குளுக்கோஸ் ஏற்றும் முன் ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்துவிட வேண்டும். கார்டிசால், இன்சுலின் எல்லாவற்றையும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். ரத்தம் எடுப்பதற்காக குளுக்கோஸைத் தாமதிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியவை

உயரம் குறைவு என்று வரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஜி.எச். குறைபாடு இருக்காது. அப்பா அம்மாவின் உயரம், தாமதமாக வயதுக்கு வரும் குடும்ப வழக்கம், சத்துக் குறைவு, தைராய்டு, குடல் நோய் என்று வரிசை நீளம். அதனால் முதல் ரத்தத்திலேயே இவை போய்விட வேண்டும்: முழு ரத்த எண்ணிக்கை, இ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், கால்சியம், பாஸ்பரஸ், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், ஃப்ரீ டி4, டி.எஸ்.எச்., சீலியாக் நோய்க்கான (கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) டி.டி.ஜி.-ஐ.ஜி.ஏ. பெண் பிள்ளை என்றால் டர்னர் சிண்ட்ரோம் (ஒரு எக்ஸ் குரோமோசோம் குறைவது) இருக்கிறதா என்று பார்க்கக் குரோமோசோம் சோதனையும் வேண்டும். கூடவே இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே எடுத்து எலும்பு வயதைப் பார்ப்பார்கள்.

தைராய்டை முதலில் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. தைராய்டு குறைந்த உடம்பில் ஜி.எச். தூண்டினாலும் எழும்பாது. தைராய்டு குறைந்த பிள்ளைக்குத் தூண்டல் சோதனை (மருந்து கொடுத்து ஜி.எச்.-ஐ எழுப்பி அளப்பது) செய்தால் 'குறைபாடு' என்று பொய்யாக வரும். மாத்திரை கொடுத்து டி4 சரியான பிறகுதான் சோதனை.

ஐ.ஜி.எஃப்-1: ஒரே குழாயில் அதிகம் சொல்லும் சோதனை

ஜி.எச். சொல்வதைக் கேட்டுக் கல்லீரல் ஐ.ஜி.எஃப்-1 (இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி) செய்கிறது. அது ரத்தத்தில் புரதங்களோடு ஒட்டிச் சுற்றுவதால் காலை, மாலை என்று பெரிதாக மாறாது. வெறும் வயிறு தேவையில்லை. எந்த நேரமும் எடுக்கலாம்.

ஆனால் சாப்பாடு குறைந்தால் இது கீழே இறங்கிவிடும். ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்து கஞ்சி மட்டும் குடித்த பிள்ளைக்கு அளவு இறங்கியிருக்கும். எடை பிடித்துத் தெளிந்த பிறகு எடுங்கள். கல்லீரல் நோய், கட்டுப்படாத சர்க்கரை, தைராய்டு குறைவு ஆகியவையும் இறக்கிக் காட்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கும் ஐ.ஜி.எஃப்-1 குறையும், பலர் அதை மருந்தாகவே நினைப்பதில்லை, ஆகவே பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

ரிப்போர்ட்டில் வயதும் பால் வேறுபாடும் இல்லாத ஒரே நார்மல் எல்லை அச்சடித்திருந்தால் அதை ஏற்காதீர்கள். நான்கு வயதில் இயல்பான அளவு மிகக் குறைவு. பருவம் வரும்போது பல மடங்கு ஏறும். பிறகு வயது கூடக் கூட இறங்கும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு எலும்பு வயது பத்து என்றால், பத்து வயதுக்குரிய எல்லையோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மூன்று வயதுக்குக் கீழே ஐ.ஜி.எஃப்-1 மட்டும் போதாது. இயல்பான எல்லையே தரையை ஒட்டி இருப்பதால் ஐ.ஜி.எஃப்-1ஐ ரத்தத்தில் சுமக்கும் புரதமான ஐ.ஜி.எஃப்.பி.பி-3 கூடுதல் துணை.

ஜி.எச். அதிகமாகவும் ஐ.ஜி.எஃப்-1 மிகக் குறைவாகவும் சேர்ந்து வந்தால், அதை லேப் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஹார்மோன் இருந்தும் உடம்பு அதைக் கேட்காத லாரன் சிண்ட்ரோம் இப்படித்தான் தெரியவரும். ஆனால் சத்துக் குறைவிலும் இதே படம் வரும். எடையைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

தூண்டல் சோதனை: கணக்கும் தயாரிப்பும்

குளோனிடின், குளுக்ககான், அர்ஜினைன், இன்சுலின் என்று தூண்டும் மருந்துகள் பல. ஜி.எச். உச்சம் குறித்த எல்லையை (வழக்கமாக 10 நானோகிராம்) தொடாவிட்டால் தோல்வி. ஆரோக்கியமான பிள்ளையும் ஒரு சோதனையில் தோற்கக்கூடும் என்பதால் இரண்டு வெவ்வேறு மருந்துகளில் தோற்றால்தான் குறைபாடு என்று சொல்வது வழக்கம். பிள்ளைகளுக்கு முதலில் குளோனிடின்தான் வசதி. மாத்திரை மலிவு, வாய் வழி கொடுக்கலாம்.

அளவு: உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 150 மைக்ரோகிராம், அதிகபட்சம் 250. பரப்புக்கு உயரத்தை செ.மீ.யிலும் எடையை கிலோவிலும் பெருக்கி, 3600ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுங்கள். 108 செ.மீ., 17 கிலோ பிள்ளைக்கு 0.71 சதுர மீட்டர். 107 மைக்ரோகிராம் வரும். 100 மைக்ரோகிராம் மாத்திரை ஒன்று போதும். 130 செ.மீ., 27 கிலோ என்றால் 0.99 வரும், ஒன்றரை மாத்திரை. மில்லிகிராமில் எழுதும்போது 0.15 என்பது 1.5 ஆகிவிடும் அபாயம் உண்டு. எப்போதும் மைக்ரோகிராமிலேயே, அந்தச் சொல்லை முழுசாக எழுதுங்கள்.

பருவம் தள்ளிப்போகும் பிள்ளைகளில் பாலின ஹார்மோன் இல்லாத காரணத்தாலேயே ஜி.எச். எழும்பாமல் போகும். பருவ அடையாளம் தெரியாத 11 வயதுக்கு மேற்பட்ட பையன்களுக்கும் 10 வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளுக்கும் முன்தயாரிப்பு கொடுக்கும் மையங்கள் உண்டு. சோதனைக்கு முந்தைய இரண்டு மாலைகளில் எஸ்ட்ரடையால் 2 மி.கி. (20 கிலோவுக்குக் கீழே 1 மி.கி.) வாய் வழி கொடுப்பது ஒரு முறை. பையன்களுக்கு ஒரு வாரம் முன்பு டெஸ்டோஸ்டிரோன் 50 முதல் 100 மி.கி. தசை ஊசி போடுவது இன்னொரு முறை. கொடுக்கப்பட்டதா இல்லையா என்பது ரிப்போர்ட்டில் எழுதப்பட வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த டாக்டர் அந்த எண்ணைத் தவறாகப் படிப்பார்.

இதய மின்னோட்டக் கோளாறு, அடிக்கடி மயக்கம் உள்ள பிள்ளைக்குக் குளோனிடின் வேண்டாம். ஸ்டீராய்டு மாத்திரையோ, நாள்பட்ட ஸ்டீராய்டு இன்ஹேலரோ எடுப்பவர்களுக்கு ஜி.எச். அடங்கியிருக்கும், அதை எழுதி வையுங்கள். நிறுத்துவதா என்பது டாக்டர் முடிவு.

சோதனை நாள்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வெறும் வயிறு; தண்ணீர் குடிக்கலாம். சிறு குழந்தைக்கு எட்டு மணி நேரப் பட்டினி அதிகம்; குறைவான நேரம் போதும். பெற்றோரிடம் 'பல் விளக்கலாமா, தண்ணீர் குடிக்கலாமா' என்ற இரண்டுக்கும் முன்னாலேயே பதில் சொல்லிவிட்டால் காலை ஏழு மணிக்கு வரும் போன்கள் குறையும்.

எட்டு மணி வாக்கில் வென்ஃப்ளான் (ரத்தக் குழாயில் தங்கும் ஊசிக் குழல்) போடுங்கள். 22 அல்லது 24 கேஜ், முழங்கை மடிப்பில் வேண்டாம். பிள்ளை கையை மடக்கியதும் ரத்தம் வராது. போட்டு முடித்த உடனே முதல் ரத்தம் எடுக்கக் கூடாது. ஊசியின் வலியும் அழுகையுமே ஜி.எச்.-ஐ உயர்த்தும். குறைந்தது அரை மணி நேரம் படுக்க வைத்து, கதை சொல்லி, அழுகை ஓய்ந்த பிறகு 0 நிமிட ரத்தம். அதோடு ரத்த அழுத்தம், எடை, சர்க்கரை ஸ்ட்ரிப்.

பிறகு மாத்திரை. விழுங்கியதைக் கண்ணால் பாருங்கள். பத்து நிமிடத்தில் வாந்தி எடுத்துவிட்டால் சோதனை ரத்து. இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். மாத்திரை உள்ளே போன நேரத்திலிருந்து 30, 60, 90, 120 நிமிடங்களில் ரத்தம். நேரம் பார்க்க ஒரே ஒரு கடிகாரம். சுவர்க் கடிகாரத்தில் ஆரம்பித்து மானிட்டரில் முடித்தால் ஐந்து நிமிடம் காணாமல் போகும். 62வது நிமிடத்தில் எடுத்தால் 62 என்றே எழுதுங்கள். யாருக்கும் வெட்கமில்லை.

ஒவ்வொரு முறையும் வென்ஃப்ளானில் தேங்கிய சலைனோடு கலந்த முதல் 1 முதல் 2 மி.லி.யை எறிந்துவிட்டு, அடுத்த 2 மி.லி.யைக் குழாயில் விடுங்கள். பிறகு 2 மி.லி. சலைன் தள்ளி மூடுங்கள். எறியாமல் எடுத்தால் ரத்தம் நீர்த்துப்போய், உண்மையான 9 என்பது 6 ஆகத் தெரியும். குறைபாட்டின் எல்லையில் நிற்கும் பிள்ளைக்கு இந்த மூன்று நானோகிராமால் வருடக்கணக்கில் தினம் ஊசி என்று முடிவாகிவிடலாம்.

லேபிளை ரத்தம் எடுத்த கையோடு, படுக்கைப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். ஐந்து குழாயையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கடைசியில் ஒட்டும் பழக்கத்தில்தான் 60ம் 90ம் இடம் மாறுகின்றன. லேப் கம்ப்யூட்டரில் ஐந்தும் ஐந்து தனி பார்கோடாக ஏறட்டும். ஒரே ஆளுக்கு ஒரே சோதனை ஐந்து தடவை என்றால் சில சாஃப்ட்வேர் 'டூப்ளிகேட்' என்று நான்கை அழித்துவிடும்.

குளோனிடின் கொடுத்த பிள்ளை அரை மணியில் தூங்கிவிழும். இது எதிர்பார்த்ததுதான், தூங்க விடுங்கள், ஆனால் படுத்தபடி. அழுத்தத்தை அரை மணிக்கு ஒரு முறை பார்த்து, இறங்கினால் காலைத் தூக்கி வைத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். முடிந்ததும் உப்புள்ள சாப்பாடு, போதுமான தண்ணீர். எழுந்து நின்ற பிறகும் ஒருமுறை அழுத்தம் பாருங்கள். அன்று முழுவதும் சோர்வாக இருக்கும். சைக்கிளும் பள்ளிக்கூடமும் வேண்டாம்.

குளுக்ககானும் இன்சுலினும்

குளுக்ககான் பிள்ளைகளுக்கு கிலோவுக்கு 30 மைக்ரோகிராம், அதிகபட்சம் 1 மி.கி., தசையில். ரத்தம் 0 முதல் 180 நிமிடம் வரை அரை மணிக்கு ஒன்று. சர்க்கரை முதலில் ஏறி, இரண்டாவது, மூன்றாவது மணியில் சரியும், ஜி.எச். எழும்புவதும் அப்போதுதான். அதனால் 90 நிமிடத்தோடு முடித்துக்கொள்ள நினைப்பது வீண். குமட்டல், வாந்தி சகஜம். பேசின் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு ரத்தத்தோடும் ஸ்ட்ரிப். சாப்பிட்டு, சர்க்கரை நிலைத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவது.

இன்சுலின் சோதனை வேறு ரகம். சர்க்கரையை 40 மி.கி.க்குக் கீழே இறக்க வேண்டும் என்பதுதான் அதன் விதியே. வலிப்பு, இதய நோய் உள்ளவர்களுக்குக் கூடாது. டாக்டர் படுக்கைப் பக்கத்திலேயே இருக்க வேண்டும்; கலெக்‌ஷன் சென்டரில் செய்யும் வேலை இது இல்லை. பிட்யூட்டரி கோளாறு சந்தேகம் உள்ளவருக்குக் கார்டிசாலும் குறைந்திருக்கலாம் என்பதால் ஹைட்ரோகார்டிசோன் ஊசியும் 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் தயாராக இருக்க வேண்டும். இந்த எச்சரிக்கை குளுக்ககானுக்கும் பொருந்தும்.

பெரியவர்களில் ஒரு விதிவிலக்கு: பிரசவத்தில் பெருத்த ரத்தப்போக்குக்குப் பிறகு பால் சுரக்காமல், மாதவிலக்கு திரும்பாமல் வரும் ஷீஹான் சிண்ட்ரோம் போன்றவற்றில், பிட்யூட்டரியின் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மற்ற ஹார்மோன்கள் ஏற்கெனவே போய், ஐ.ஜி.எஃப்-1ம் குறைவாக இருந்தால் தூண்டல் சோதனையே தேவையில்லை.

குழாய், சென்ட்ரிஃப்யூஜ், ஐஸ்

சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய். ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாயை மெஷின் கம்பெனியின் கையேடு அனுமதித்தால் மட்டுமே. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்சைமை வைத்து ஒளி உண்டாக்கும் மெஷின்களில் இ.டி.டி.ஏ. அந்த என்சைமுக்கு வேண்டிய உலோக அயனிகளைப் பிடித்துக்கொண்டு ரிசல்ட்டைக் கெடுக்கும்.

முப்பது நிமிடம் உறையவிட்டு, பிறகு பத்து நிமிடம் சுற்றி, சீரத்தைத் தனிக் குப்பியில் பிரியுங்கள். ஜெல் குழாயை இரண்டாம் முறை சுற்றக் கூடாது. ஜெல்லுக்குக் கீழே செல்லில் இருந்து கசிந்ததெல்லாம் மேலே வந்து கலக்கும். வெளியூர் லேபுக்கு அனுப்புவதாக இருந்தால் முழு ரத்தமாக அனுப்பாதீர்கள். சீரமாகப் பிரித்து உறையவைத்து அனுப்புங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை பஸ்ஸில் ஏற்றிய பெட்டி திங்கள் காலைதான் திறக்கப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பயோட்டின், அலகு, மெஷின்

முடி கொட்டுவதற்காக 5 அல்லது 10 மி.கி. பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இப்போது அதிகம். ஸ்ட்ரெப்டாவிடின்-பயோட்டின் பிணைப்பை நம்பி வேலை செய்யும் கருவிகளில் ஜி.எச்., ஐ.ஜி.எஃப்-1 இரண்டும் பொய்யாகக் குறைந்து தெரியும். இரண்டு மூன்று நாள் நிறுத்திவிட்டு எடுப்பது பாதுகாப்பு. 'மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா' என்று கேட்டால் 'இல்லை' என்பார்கள்; 'முடிக்கு ஏதாவது?' என்று கேளுங்கள்.

அலகைப் பார்க்காமல் எண்ணைப் படிக்காதீர்கள். இப்போதைய உலகத் தரமான 98/574இன்படி 1 மில்லிகிராம் என்பது 3 சர்வதேச அலகு. அதாவது ஒரு லேப் லிட்டருக்கு மில்லி அலகில் 12 என்று எழுதினால், அது மில்லி லிட்டருக்கு 4 நானோகிராம்தான். '12 இருக்கிறது, 10க்கு மேல், பரவாயில்லை' என்று அனுப்பிவிட்டால் உண்மையான குறைபாடு நழுவிவிடும்.

அந்த 10 என்ற எல்லையே பழைய ரேடியோ இம்யூனோ அஸ்ஸே (கதிரியக்கம் வைத்து அளக்கும் முறை) காலத்தில் பழக்கமானது. ஜி.எச்.-இன் முக்கிய வடிவமான 22 கிலோடால்டன் வடிவத்தை மட்டும் குறிபார்க்கும் இன்றைய ஆன்டிபாடிகள் அதே ரத்தத்தில் குறைவாகப் படிக்கும். அதனால் 7, 8 என்று எல்லையை இறக்கிய மையங்கள் பல. எந்த மெஷின், எந்தத் தரம் என்பது ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரியாக இருக்க வேண்டும். முதல் சோதனை ஒரு லேபிலும் இரண்டாவது வேறு லேபிலும் செய்தால் ஒப்பிடுவது கஷ்டம்.

எண்ணைப் படிப்பது

உதாரணத்துக்கு குளோனிடினில் 0: 0.4, 30: 1.1, 60: 6.2, 90: 8.9, 120: 3.1 நானோகிராம். உச்சம் 8.9. 10ஐ எல்லையாகக் கொண்டால் தோல்வி, 7ஐக் கொண்டால் தேர்ச்சி. இப்படிப்பட்ட எண் வந்தால் வளரும் வேகமும் ஐ.ஜி.எஃப்-1ம் எலும்பு வயதும்தான் முடிவு செய்ய வேண்டும். எண் மட்டும் போதாது. அதிக எடையுள்ள பிள்ளைக்கு உச்சம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு உதாரணம்: 0 நிமிடமே 12, பிறகு 8, 5, 3, 2. பார்த்தவுடன் 'மருந்து வேலை செய்யவில்லை' என்று தோன்றும். ஆனால் மருந்துக்கு முன்பே சுரப்பி ஒரு அலையை விட்டுவிட்டது. அடுத்த அலைக்கு அது கொஞ்ச நேரம் எடுக்கும். 12ஐ எட்ட முடிந்த சுரப்பிக்குக் குறைபாடு இல்லை.

அதிகமாகச் சுரந்தால்

மோதிரமும் செருப்பும் சின்னதாகிக்கொண்டே போகிறது, தாடை நீள்கிறது, பல் இடைவெளி விழுகிறது என்று வருபவருக்கு முதல் சோதனை ஐ.ஜி.எஃப்-1. வயதுக்குரிய எல்லைக்கு மேலே இருந்தால் குளுக்கோஸ் அடக்கல் சோதனை. இரவு பட்டினி, 0 நிமிட ரத்தம், பிறகு 75 கிராம் குளுக்கோஸை 250 முதல் 300 மி.லி. தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பாக்கெட்டில் மோனோஹைட்ரேட் என்று இருந்தால் 82.5 கிராம் நிறுக்க வேண்டும். இதைப் பார்க்காமலே பல இடங்களில் கரைக்கிறார்கள். எலுமிச்சை பிழிந்தால் குமட்டாது. 30, 60, 90, 120 நிமிடங்களில் ஜி.எச்.-க்கு ஒரு குழாய், சர்க்கரைக்குச் சாம்பல் மூடிக் குழாய் ஒன்று.

சர்க்கரை ஏறினால் இயல்பான சுரப்பி ஜி.எச்.-ஐ அடக்கிவிடும். ஐந்தில் மிகக் குறைந்த எண் 1 நானோகிராமுக்குக் கீழே வர வேண்டும்; நுண்ணிய மெஷின்களில் 0.4 என்ற எல்லையும் வழக்கத்தில் உண்டு. உங்கள் மெஷின் 0.5க்குக் கீழே படிக்காது என்றால் 0.4 பற்றிப் பேச அதற்குத் தகுதியில்லை. மாதிரியை வேறு லேபுக்கு அனுப்புங்கள். கட்டுப்படாத சர்க்கரை நோய், கல்லீரல், சிறுநீரக நோய், பதின்பருவம் இவற்றில் பிட்யூட்டரிக் கட்டி இல்லாமலே ஜி.எச். அடங்காமல் இருக்கும். ஏற்கெனவே சர்க்கரை 250இல் நிற்பவருக்கு மேலும் 75 கிராம் கொடுத்துப் பார்ப்பதில் பயனில்லை, ஐ.ஜி.எஃப்-1ஐ நம்பி, எம்.ஆர்.ஐ.க்குப் போவார்கள்.

சிகிச்சையில் இருப்பவர்கள்

தினம் ஜி.எச். ஊசி போடும் பிள்ளைக்கு ஜி.எச். அளப்பதில் அர்த்தமில்லை, ஐ.ஜி.எஃப்-1 மட்டும், ஒவ்வொரு முறையும் அதே லேபில். வாரம் ஒருமுறை போடும் புதிய ஊசிகளில் ஐ.ஜி.எஃப்-1 வாரத்துக்குள்ளேயே ஏறி இறங்கும். ஊசி போட்டு எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தோம் என்பது சீட்டில் இல்லாவிட்டால் அந்த எண்ணால் டோஸ் மாற்ற முடியாது. அக்ரோமெகலிக்கு (பெரியவர்களில் ஜி.எச். அதிகமாகச் சுரக்கும் நோய்) ஜி.எச். வேலையைத் தடுக்கும் பெக்விசோமான்ட் மருந்து எடுப்பவருக்கு ஜி.எச். எண்ணை எழுதவே வேண்டாம். அந்த மருந்தின் மூலக்கூறு ஜி.எச். போலவே இருப்பதால் பல கருவிகள் இரண்டையும் பிரித்தறியாமல் தவறாகக் காட்டும். அப்படிப்பட்ட சீட்டு வந்தால் ஐ.ஜி.எஃப்-1 ஆக மாற்றச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.